சாக்ரே கேர் படிக்கட்டில் அப்பாவுக்குக் கட்டிய கயிறு

பாரிஸிலிருந்து அப்பா ஊருக்குக் கொண்டுபோன ஒரே நினைவுப்பொருள் ஒரு கயிறு. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன், ஆனால் முதல் இரண்டு நாள் கதையைச் சொல்லாமல் அங்கே போக முடியாது.

நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் கோடையில் திருச்சியிலிருந்து வந்திருந்தார்கள். அங்கிருந்து பாரிஸுக்கு ரயிலில் மூன்றரை மணி நேரம்கூட ஆகாது. சரி, மூன்று நாள் போய் வரலாம் என்று கிளம்பினோம்.

முதல் நாள் ஈஃபிள் கோபுரம். அடியில் போய் நிற்கக் காசு கிடையாது, பை சோதனை மட்டும்தான். அம்மாவுக்கு முட்டி வலி. "நீங்க போயிட்டு வாங்க" என்று புளியோதரை டப்பாவோடு கீழே தோட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். லிஃப்ட்டுக்கு நீளமான வரிசை. அப்பா படிக்கட்டுப் பக்கம் நடந்தார். இரண்டாம் தளம் வரைக்கும் 674 படி. வயது 66, வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

ஏறும்போது அவர் ஊரைப் பார்க்கவே இல்லை. எல்லாரும் கம்பி வலை வழியாக செயின் நதியைப் படம் பிடிக்க, இவர் கைக்கு எட்டிய இரும்பையெல்லாம் தடவிக்கொண்டு வந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "வெல்டிங்கே இல்ல பாத்தியா, அத்தனையும் ரிவெட்டு" என்றார். உண்மைதான். 18,000 துண்டு இரும்பும் அவற்றை இணைக்கும் 25 லட்சம் ரிவெட்டு ஆணியும் சேர்ந்துதான் அந்தக் கோபுரம். இரண்டு வருஷம் இரண்டு மாதத்தில் கட்டி 1889-ல் முடித்துவிட்டார்கள். ஒரு ரிவெட்டுக்கு நாலு ஆள் வேண்டுமாம்: ஒருவர் சூடாக்க, ஒருவர் துளையில் வைத்துப் பிடிக்க, ஒருவர் ஆணித் தலையை உருட்ட, ஒருவர் சம்மட்டி அடிக்க. "ஆறும்போது அது சுருங்கும்மா. சுருங்குறப்போ ரெண்டு தகட்டையும் இழுத்துப் பிடிச்சுக்கும். அதான் சூட்சுமம்." முதல் தளத்தில், 57 மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு இந்த வகுப்பு. பின்னால் வந்த ஒரு ஜெர்மன் குடும்பம் என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டது!

மறுநாள் லூவ்ர் அருங்காட்சியகம். செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், நாள் பார்த்துப் போங்கள். மோனாலிசா கூடத்துக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டது, "இது என்னடி, திருப்பதி மாதிரி இருக்கு?" அப்படியேதான். வளைத்து வளைத்துக் கயிறு கட்டிய வரிசை, தூக்கிப் பிடித்த கைபேசிகள், முன்னால் போனதும் நகரச் சொல்லும் ஊழியர்கள். 'ஜருகண்டி' ஒன்றுதான் பாக்கி. படமோ 77-க்கு 53 செ.மீ., அதுவும் கண்ணாடிக்குப் பின்னால். 1911-ல் அதைத் திருடிக்கொண்டு போனபோது வெறும் சுவரைப் பார்க்கவே கூட்டம் வந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்போ நிம்மதியா பார்த்திருப்பாங்க" என்றார்.

அந்தக் கூடத்தில் போனால் ஒரு காரியம் செய்யுங்கள்: திரும்பி நில்லுங்கள். எதிர்ச் சுவரில் வெரோனேசே என்ற ஓவியர் வரைந்த, பைபிளில் வரும் கானாவூர்க் கல்யாணம். கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம். வெனிஸில் ஒரு மடத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்காக வரைந்தது, 1797-ல் நெப்போலியனின் படை அங்கிருந்து எடுத்து வந்துவிட்டது. அம்மா அதன் முன்னால் இருபது நிமிஷம் நின்றார். யார் பரிமாறுகிறார்கள், யார் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், நாய் எங்கே இருக்கிறது என்று நம் ஊர்க் கல்யாணப் பந்தியை அலசுவதுபோல் அலசினார். இடிக்க ஆளில்லை.

மூன்றாம் நாள் காலை நோத்ர தாம் தேவாலயம். 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்தது. உள்ளே கல்லெல்லாம் புதுசாக வெளிர் நிறத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது, அன்று மதியம் நடந்தது அதை மறக்கடித்துவிட்டது.

மோன்மார்த்ர் குன்றின் மேல் சாக்ரே கேர் தேவாலயம். மழையில் நனைய நனைய வெளுக்கும் வகைக் கல்லில் கட்டியது, அதனால் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். நான் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கீழ்ப் படிக்கட்டில் ஒரு பையன், "இந்தியா? ஷாருக் கான்!" என்று சிரித்தபடி கலர் நூலோடு அப்பாவிடம் வந்திருக்கிறான். அப்பா என்ன செய்தார் தெரியுமா? வலது கையை நீட்டியிருக்கிறார். கோவில் வாசலில் காப்புக் கயிறு கட்டுகிறார்கள் என்று நினைப்பு! நான் திரும்பிப் பார்க்கும்போது முடிச்சு விழுந்தாகிவிட்டது. தட்சணையாக ஒரு யூரோ நாணயத்தை மரியாதையாக நீட்டுகிறார், அவன் இருபது கேட்கிறான். அதற்குள் இன்னும் மூன்று பேர் சுற்றி நின்றார்கள்.

நான் பத்து யூரோத் தாளை எடுத்தேன். அம்மாவோ தமிழிலேயே, "ஏம்ப்பா, பெரியவர் கையைப் பிடிச்சு ஏமாத்துறியே, நல்லா இருக்கா?" என்று உரக்கக் கேட்டார். அவன் என்ன புரிந்துகொண்டானோ, பத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான். போகிறவர்கள் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பக்கத்திலேயே ஓடும் கேபிள் ரயிலில் ஏறிவிடுங்கள். மெட்ரோ டிக்கெட்டே செல்லும், அந்தப் படிகளை மிதிக்கவே வேண்டாம்.

அப்பா முகம் சுருங்கிவிட்டது. கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் லா ஷப்பல், ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். அங்கே போய் ரோல்ஸும் தேநீரும் சொன்னோம். கடைக்காரர் அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"ஐயா, மேல படியில கட்டினவங்களோ? எவ்வளவு குடுத்தனீங்கள்?"

"பத்து."

"பரவாயில்லை. போன கிழமை ஒராள் நாப்பது குடுத்திட்டு வந்தவர்." கல்லாவிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். "கையைத் தாங்கோ, வெட்டி விடுறன்."

அப்பா கையை இழுத்துக்கொண்டார். "இருக்கட்டும்ங்க. பத்து யூரோக் கயிறு, அதுவா அறுந்து விழட்டும்."

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது பார்த்தேன். சிவப்பும் பச்சையும் வெளுத்துப்போய், பக்கத்தில் சமயபுரத்துக் கயிறோடு சேர்ந்து இன்னும் கையில்தான் கிடக்கிறது.