திருமணம் மும்பையிலா, ஊரிலா: முதலில் எதை முடிவு செய்வது?

கேள்வி: செம்பூர்ப் பெண்

வணக்கம். என்னுடன் பணிபுரியும் ஒருவரை மணந்துகொள்ள இரண்டு வீட்டிலும் சம்மதம் கிடைத்துவிட்டது. நான் செம்பூரில் வளர்ந்தவள். அப்பா, அம்மா இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய குடும்பம் சேலத்திலிருந்து வந்து நெடுங்காலமாக முலுண்டில் இருக்கிறது. நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் நாள் பார்க்கவில்லை. திருமணத்தை வரும் தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் பொதுவாகப் பேசியிருக்கிறார்கள்.

செலவில் பெரும்பகுதியை நாங்கள் இருவரும் எங்கள் சேமிப்பிலிருந்தே செய்ய நினைக்கிறோம். ஆனால் இரு குடும்பமும் உட்கார்ந்து பேசினால் பேச்சு உடனே நாதஸ்வரத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் போய்விடுகிறது. எங்கே நடத்துவது என்பதே இன்னும் முடிவாகவில்லை. ஊரில்தான் நடக்க வேண்டும் என்று என் அப்பா உறுதியாக இருக்கிறார். மும்பையில் தமிழர்கள் நெடுங்காலமாக வாழும் மாதுங்காவில் நடத்தினால்தான் தங்கள் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் வர முடியும் என்று அவர் வீட்டார் சொல்கிறார்கள். எங்கள் இருவருக்கும் இரண்டுமே சம்மதம் என்பதால், எங்களை யாரும் கேட்பதே இல்லை. நாள், இடம், தொகை ஆகிய மூன்றில் எதை முதலில் முடிவு செய்வது?

மறுமொழி: பழைய மாதுங்காவாசி

அம்மா, அந்த மூன்றுக்கும் முன்னால் முடிவாக வேண்டியது யார் யாரை அழைப்பது என்பதுதான். இரு வீட்டாரிடமும் தனித்தனியே பட்டியல் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் அவர்கள் இப்போது எந்த ஊரில் வசிக்கிறார்கள், அந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் வரக்கூடும் என்ற இரண்டையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். எந்த ஊரில் நடத்துவது என்று மாதக்கணக்கில் வாதாடுகிற குடும்பங்கள்கூட, இப்படி ஊர்வாரியாகப் பிரித்த கணக்கைப் பார்த்ததும் இறங்கிவருவதை இந்தப் பகுதியில் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பான்மையோர் நெல்லையிலும் சேலத்திலும் இருந்தால் முகூர்த்தத்தை அங்கே வைத்து மும்பையில் ஒரு வரவேற்பு போதும்; இங்கேதான் கூட்டம் அதிகம் என்றால் மாதுங்காவிலேயே நடத்திவிட்டு, ஊரில் குலதெய்வக் கோயிலுக்குப் போய்வரும்போது நெருங்கிய உறவுக்கு ஒரு சாப்பாடு போடலாம்.

தொகையும் இந்தப் பட்டியலிலிருந்துதான் பிறக்கிறது. சமையல் ஒப்பந்தக்காரர் இலைக்கு இவ்வளவு என்றுதான் விலை சொல்வார். முதல் நாள் இரவு, காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு என்று ஒரே ஆள் மூன்று இலையாகக் கணக்கில் வருவதால், தலைக்கணக்கு எவ்வளவு என்று தெரியாமல் மொத்தத் தொகையைப் பேசுவது வீண். இலைக் கணக்கு கைக்கு வந்த பிறகு, மண்டபம், சாப்பாடு, நாதஸ்வரம், படம் எடுப்பவர் ஆகிய பொதுச் செலவில் நீங்கள் இருவரும் எதுவரை ஏற்கிறீர்கள் என்பதை ஒரே தொகையாகச் சொல்லிவிடுங்கள். நகையும் புடவையும் அந்தந்த வீட்டு விஷயம். அவற்றை இந்தக் கணக்கில் கலக்க விடாதீர்கள்.

உங்கள் அப்பாவின் பிடிவாதத்துக்கு அவர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு காரணமும் இருக்கலாம். பல ஆண்டுகளாக ஊரில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் மொய் எழுதியவருக்கு, அது முறையாகத் திரும்பிவரும் இடம் அந்த ஊர்ப் பந்தல்தான்; மாதுங்காவுக்கு அந்த மொய் நோட்டு வராது. இதைப் பண ஆசை என்று எண்ணிவிட வேண்டாம், கொடுத்தவர் கையால் வாங்குவது அங்கே ஒரு மரியாதை.

மறுமொழி: தானேவாசி

பெரியவர் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் மும்பையில் நடத்தும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் பட்டியல் முடியும்வரை நாளைத் தள்ளிவைக்க முடியாது. மார்கழியில் நம்மவர்கள் திருமணம் வைப்பதில்லை. பொங்கலுக்குப் பிறகு, ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை உள்ள தை மாதத்தின் வளர்பிறை முகூர்த்தங்களுக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் பாய்கிறார்கள். மராட்டியர், குஜராத்தியர் திருமணங்களும் நவம்பர் வாக்கில் வரும் துளசி விவாகச் சடங்கு முடிந்ததிலிருந்து நடந்துகொண்டிருப்பதால் மண்டபங்களுக்கு அந்தப் பக்கத்துப் போட்டியும் உண்டு. தை தவறினால் மாசி என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அப்போது பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்துவிடும், அந்த வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்து ஒருவர் மட்டும் தலையைக் காட்டிவிட்டுப் போவார். ஆகவே சோதிடரிடம் ஒரே ஒரு நாளை வாங்கி வராமல், இரு வீட்டாருக்கும் பொருந்தும் மூன்று, நான்கு நாட்களைக் குறித்து வாங்குங்கள். ஒரு வீட்டார் வாக்கியப் பஞ்சாங்கமும் மற்றவர் திருக்கணிதப் பஞ்சாங்கமும் பார்ப்பவர்களாக இருந்தால், இரண்டின் கணக்கும் வேறுபடும் என்பதால், எதைப் பின்பற்றுவது என்பதை அப்போதே பேசிக்கொள்வது நல்லது. இந்தச் சிறிய விஷயம் அழைப்பிதழ் அச்சாகும் நேரத்தில் பெரிதாகிவிடும்.

மண்டபம் பார்க்கப் போகும்போது வாடகைக்கு முன்னால் நேரத்தைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் முதல் நாள் பிற்பகலே மண்டபத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இங்கே பல இடங்களில் அரை நாள் கணக்கில்தான் வாடகை. விடியற்காலை முகூர்த்தம் என்றால் முதல் நாள் இரவிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கும், வாடகையும் அதற்கேற்ப ஏறும். காலை ஒன்பது, பத்து மணி முகூர்த்தமாகக் கேட்டு வாங்கினால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்கிறது. மாலை வரவேற்பில் பாட்டுக் கச்சேரி வைப்பவர்கள், இரவு 10 மணிக்குமேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஊரிலிருந்து வருபவர்களின் பயணமும் நாளைப் பொறுத்ததுதான். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதிலாக 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. தாதர்–திருநெல்வேலி வண்டியோ தினசரி வண்டி அல்ல. தை மாதத்தில் பொங்கல் முடிந்து மும்பைக்குத் திரும்பும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். பூவுக்கும் வாழை இலைக்கும் மட்டும் இப்போதே கவலைப்பட வேண்டாம். மாதுங்கா ரயில் நிலையத்தை ஒட்டிய கடைகள் இருக்கும்வரை அது கடைசி வாரத்து வேலை.

மறுமொழி: வாஷி வழக்கறிஞர்

எந்த ஊரில் நடத்துகிறீர்களோ அதைப் பொறுத்துப் பதிவும் மாறும் என்பதால் இதைச் சேர்க்கிறேன். திருமணப் பதிவு எல்லா மாநிலங்களிலும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் நடக்கும் திருமணத்துக்கு 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். ஊரில் தாலி கட்டிய கையோடு மும்பைக்குத் திரும்பி, பிறகு கையெழுத்துக்காக இருவரும் விடுப்பெடுத்து மறுபடி போவதைவிட, திருமணத்துக்கு மறுநாளோ அதற்கடுத்த வேலைநாளோ பதிவு முடியும்படி பயணச்சீட்டை எடுப்பது எளிது. இருவரும் இந்துக்கள் என்றால் சடங்குத் திருமணமும் இந்துத் திருமணச் சட்டப் பதிவும் போதும். வேறு வேறு சமயத்தவராக இருந்து சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் செய்வதானால், இருவரில் ஒருவராவது 30 நாளாவது வசித்த மாவட்டத்தில் அறிவிப்புக் கொடுத்து, அதன்பின் 30 நாள் காத்திருக்க வேண்டும். அப்படியானால் நாள் குறிக்கும் முன்பே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டவர்: செம்பூர்ப் பெண்

எல்லோருக்கும் நன்றி. இருவரும் இந்துக்கள்தான். பட்டியல் கேட்டதும் அவர்கள் வீட்டில் உடனே எழுதத் தொடங்கிவிட்டார்கள். அப்பாதான் "எழுதுவதற்கு என்ன இருக்கிறது, ஊரே வரும்" என்கிறார். மொய் விஷயத்தை நான் எப்படி எடுப்பது என்று தெரியவில்லை.

மறுமொழி: பழைய மாதுங்காவாசி

நீங்கள் அந்தச் சொல்லையே எடுக்க வேண்டாம். உங்கள் அம்மாவிடம் மொய் நோட்டு இருக்கும், அல்லது யார் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனார்கள் என்பது அவருக்கு மனப்பாடமாக இருக்கும். அவரை அருகில் வைத்துக்கொண்டு, நாம் யார் வீட்டுக்கெல்லாம் போயிருக்கிறோம் என்று ஒவ்வொரு தெருவாகக் கேட்டு நீங்களே எழுதுங்கள். அப்பா அங்கே இருந்தால் விட்டுப்போன பெயர்களைத் தானாகவே சொல்லுவார். தாய்மாமனும் அத்தைமாரும் எங்கே இருக்கிறார்கள் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சீர் செய்ய வேண்டியவர்கள் வர முடியாத ஊரில் முகூர்த்தம் வைக்க உங்கள் அப்பா ஒருபோதும் இசையமாட்டார். அந்தக் கணக்கு முடியும்வரை எந்த மண்டபத்துக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம். தானேவாசி சொன்ன அந்த மூன்று, நான்கு நாட்களுக்கும் மண்டபங்களில் இடம் இருக்கிறதா என்று மட்டும் இந்த வாரமே விசாரித்து வையுங்கள்; நாள் மாற்ற நேர்ந்தால் முன்பணம் திரும்ப வருமா என்பதையும் அப்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.