பெய்லிஃப் எடுத்த வீட்டுப் படங்கள்: உங்கள் உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். கிழக்கு லண்டனில் இருக்கும் என் அக்காவுக்காக எழுதுகிறேன். கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) பாக்கிக்காக ஒரு பெய்லிஃப், அதாவது கடன் வசூல் நிறுவனத்தின் ஜப்தி அதிகாரி, வந்தார். அக்கா கதவைத் திறக்கவில்லை. இந்தப் பாக்கிக்காக முதல் முறை வரும்போதே பூட்டை உடைத்து நுழைய அவர்களுக்கு உரிமை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவரோ முன் ஜன்னலில் போனை ஒட்டி வைத்து உள்ளே படமெடுத்திருக்கிறார். சோபாவில் பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் இப்போது பெல் அடித்தாலே மாடிக்கு ஓடிவிடுகிறாள்.

கடன் கடன்தான், தவணையில் கட்டத் தயாராக இருக்கிறோம். ஆனால் பிள்ளைகளின் படம் எதற்கு?

வெளியே நிற்கும் காரைப் படமெடுப்பதையாவது புரிந்துகொள்ளலாம், அது ஜப்தி செய்யக்கூடிய பொருள். ஆட்கள் அடையாளம் தெரியும் படங்களைச் சேமித்து வைத்தால் 2018 தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும். நம்மைப் பற்றி வைத்திருப்பதன் நகலை எழுதிக் கேட்டால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். அவர்கள் உடம்பில் மாட்டியிருக்கும் பாடி கேமராவின் பதிவும் இதில் அடங்கும்.

இப்படிக் கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? படங்களும் கிடைத்தனவா, வெறும் கணக்கு விவரம்தானா? அழிக்கச் சொன்னால் அழித்தார்களா? அப்புறம், முதல் புகாரை நிறுவனத்துக்கு அனுப்புவதா, கவுன்சிலுக்கா? கடிதத்தின் மாதிரி இருந்தால், பெயர்களை அடித்துவிட்டு அனுப்புங்கள். அந்த ஆள் மறுபடி வருவதற்குள் அனுப்பிவிட வேண்டும்.