எண்ணெயை நிறுத்தியாச்சு, டிரைகிளிசரைடு ஏன் இறங்கல?

*சத்துணவு ஆலோசகர், சுங்கை சிப்புட், மலேசியா*

தோட்டத்துலேருந்து வர்றவங்க ரிப்போர்ட்டை நீட்டி முதல்ல கேக்குறது இதுதான்: "முட்டை, தேங்காப்பால் எல்லாம் விட்டாச்சே மிசி, அப்புறமும் ஏன் ஏறுது?" எது ஏறியிருக்குன்னு பாருங்க. எல்.டி.எல்.லை (கெட்ட கொலஸ்ட்ரால்) ஏத்துறது பெரும்பாலும் நிறைகொழுப்பு: நெய், தேங்காய், கொழுப்புள்ள இறைச்சி. டிரைகிளிசரைடு, அதாவது ரத்தத்துல ஓடுற இன்னொரு வகைக் கொழுப்பு, ஏறுனா சீனி, சோறு, மைதா, கள்ளு, பீர் பக்கம் தேடணும். மிஞ்சுன மாவுச்சத்தை ஈரல் கொழுப்பா மாத்தி ரத்தத்துல விட்டுடும். டிரைகிளிசரைடு mmol/L அளவுல 1.7-க்குக் கீழே இருக்கணும்.

காலையில பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்குறதுக்கு) முன்னாடி பசியாறுற மேசையைப் பாருங்க. தே தாரிக் (ஆத்துன பால் டீ) கிளாஸ்ல அடியில வெள்ளையா ஊத்துற இனிப்புக் கிரீமர் ரெண்டு மேசைக்கரண்டி, சுமார் 40 கிராம். அதுல ஏறத்தாழ பாதி சீனி, அதாவது நாலஞ்சு தேக்கரண்டி. ஒரு நாளைக்கு மூணு கிளாஸ்னா 60 கிராம்! 2000 கலோரி சாப்பிடுறவருக்கு உலக சுகாதார நிறுவனம் வச்ச உச்ச வரம்பே 50 கிராம்தான். கடையில "தே ஓ கோசோங்"னு (பாலும் சீனியும் இல்லாத டீ) கேளுங்க. "குறைச்சுப் போடுங்க"ன்னா ஊத்துற கை குறைக்காது.

கறியில மிதக்குற எண்ணெயை வழிச்சு எடுத்துட்டு, அதுக்கு ஈடா இன்னொரு தட்டு சோறு போடுறதும் இங்க வழக்கம். இருதயத்துக்கு அதனால லாபம் இல்ல.

*ரத்தப் பரிசோதனைக் கூடத்துலேருந்து*

பல ரிப்போர்ட்ல எல்.டி.எல். நேரா அளந்தது இல்ல, கணக்குப் போட்டது: மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்.டி.எல்.லையும் (நல்ல கொலஸ்ட்ரால்), டிரைகிளிசரைடை 2.2-ஆல வகுத்ததையும் கழிக்கணும். மொத்தம் 6.2, எச்.டி.எல். 0.9, டிரைகிளிசரைடு 3.3 இருந்தா 6.2 − 0.9 − 1.5 = 3.8. டிரைகிளிசரைடு 4.5-ஐத் தாண்டுனா இந்தக் கணக்கு செல்லாது, நேரா அளக்கச் சொல்லுங்க. பட்டினி சோதனைன்னா வெறும் தண்ணிதான். "டீதானே"ன்னு வழியில குடிச்சுட்டு வந்தா எண் தப்பாப் போகும். முந்தின ராத்திரி கள்ளு குடிச்சாலும் அதே கதைதான்.

*சமையல்காரர், கேண்டீன்*

200 மில்லி சந்தான் (தேங்காப்பால்) பெட்டியில கொழுப்பு 30 கிராமுக்கு மேல. கறிக்கு அரைப் பெட்டி போதும், மீதிக்குக் கொழுப்பு குறைஞ்ச பால் ஊத்தலாம். ஆனா அடுப்பை அணைச்சிட்டு ஊத்துங்க, கொதிக்கும்போது ஊத்துனா திரிஞ்சுடும். புளி போட்ட மீன் கறியில பாலே வேணாம், புளிப்பு அதையும் திரிய வச்சுடும்.

பாக்கெட் பாமாயில்ல 100-க்கு 40 பங்குக்கு மேல நிறைகொழுப்பு. தேங்காய் எண்ணெயில 80-க்கு மேல, கடலை எண்ணெயில 20-க்குள்ள. ஒரு ஆளுக்கு நாளைக்கு மூணு தேக்கரண்டின்னு வச்சா, நாலு பேர் குடும்பத்துக்கு மாசம் ரெண்டு கிலோ பாக்கெட்டுக்கு மேல தேவைப்படாது. கருத்து நுரைக்கிற பழைய எண்ணெயை வடிகட்டித் திரும்ப ஊத்தாதீங்க அண்ணே, சூடு ஏறுறதுக்குள்ள புகைய ஆரம்பிச்சிடும்.