‘பர்ன்-இன்’ என்பதற்குத் ‘திரைத்தழும்பு’: ஒரு பரிந்துரை

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய ஆர்கேடு பெட்டிகளை, அதாவது கடைகளில் காசு போட்டு விளையாடிய வீடியோ விளையாட்டுப் பெட்டிகளை, வீட்டில் புதுப்பிப்பவர்களுக்கான சொற்பட்டியலில், பெட்டியின் உச்சியில் விளையாட்டின் பெயர் தாங்கும் மார்க்கீக்கு ‘நெற்றிப்பலகை’ என்பது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கும்தான். இழுபறி ‘பர்ன்-இன்’ என்பதில் மட்டும், அதாவது ஒரே படம் நெடுங்காலம் நின்றதால் திரையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும் தடத்துக்கான பெயரில் மட்டும். எரிதடம், எரிபதிவு, திரைவடு என மூன்று சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. நான் ‘திரைத்தழும்பு’ என்று முன்வைக்கிறேன். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நடப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். இந்தப் பெட்டிகளில் இருப்பது பழைய டிவிகளில் இருந்ததைப் போன்ற பிக்சர் டியூப். முகப்புக் கண்ணாடியின் உட்புறம் பாஸ்பர் பூச்சு இருக்கும். பின்னாலிருந்து வரும் எலக்ட்ரான் கற்றை மோதும் இடத்தில் அது ஒளிரும். மோத மோத, ஒளிரும் திறன் சிறிது சிறிதாகக் குறையும். படம் ஓரிடத்தில் நில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தால் திரை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் தேயும், கண்ணுக்கும் உறுத்தாது. ஆனால் 1980-ல் நாம்கோ வெளியிட்ட பேக்-மேன் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீலச் சுவர்க் கோடுகள் இடம் மாறுவதே இல்லை. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை, ஆண்டுக்கணக்கில், அதே கோடுகள் அதே இடத்தில். அங்கே மட்டும் பூச்சு கூடுதலாகத் தேய்ந்துவிடுகிறது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சாம்பல் நிறக் கண்ணாடியில் அந்தச் சுவர்கள் மங்கிய கருங்கோடுகளாகத் தெரியும்.

ஆக, இங்கே எதுவும் எரியவில்லை. அப்படியும் ஆங்கிலத்தில் ‘பர்ன்’ (எரி) என்று வழங்குவதால் நாமும் ‘எரி’ என்று தொடங்கினால் என்ன என்று கேட்கலாம். வேறு துறையாக இருந்தால் நானே ஒத்துக்கொண்டிருப்பேன். இந்தத் துறையில் முடியாது. ஒரு பெட்டியைப் புதுப்பிக்க உட்காருபவரின் மேசையில் ஏற்கெனவே பல எரிப்புகள் இருக்கின்றன. விளையாட்டு நிரல் இருக்கும் ஈப்ராம் சில்லு கெட்டுப்போனால் புதிய சில்லில் நிரலை ‘எரிக்கிறோம்’. மின்சுற்றுப் பலகையை இணைக்கும் கனெக்டரின் பின்கள் சூடேறி உண்மையாகவே கருகிப்போயிருக்கும், அதையும் எரிந்தது என்றுதான் சொல்கிறோம். பழுது பார்த்த பலகையை மணிக்கணக்கில் ஓடவிட்டு, பலவீனமான உறுப்பு ஏதாவது விழுகிறதா என்று பார்க்கிறோமே, அதற்கும் ஆங்கிலத்தில் ‘பர்ன்-இன்’ என்றே பெயர். (இதைத் ‘தொடர் ஓட்டச் சோதனை’ என்று தனியாகப் பதிவுசெய்துவிடலாம்.) இத்தனைக்கும் நடுவில் ‘எரிதடம்’ என்று எழுதினால், படிப்பவர் கனெக்டரைத் தேடிப் போய்விடுவார்.

நிஜமாகவே திரை எரிவதும் உண்டு. 1979-ல் அடாரி வெளியிட்ட ஆஸ்டிராய்ட்ஸ் போன்ற வெக்டர் விளையாட்டுகளில், கற்றை திரை முழுவதையும் வரிவரியாக வருடுவதில்லை, வேண்டிய கோடுகளை நேரடியாக வரைகிறது. கற்றையைத் திருப்பும் சுற்று பழுதானால் அது ஒரே புள்ளியில் நின்று பூச்சைப் பொசுக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் ஸ்பாட் கில்லர் என்ற காப்புச் சுற்றை வைத்தார்கள். நொடிகளில் நேரும் அந்தச் சேதத்துக்குப் ‘பொசுங்கற்புள்ளி’ என்று சொல்லலாம். ஆண்டுக்கணக்கில் ஏறும் தேய்மானத்துக்கும் அதற்கும் ஒரே வேர்ச்சொல் வேண்டாம்.

இனி தழும்பு. ‘தழும்பு என்றால் காயம் ஆறிய அடையாளம்தானே, இங்கே காயம் எங்கே?’ என்று ஒரு மறுப்பு எழலாம். நியாயமான கேள்வி. ஆனால் தமிழில் தழும்பு காயத்தால் மட்டும் வருவதில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வதை ‘நாத்தழும்பேறச் சொன்னேன்’ என்கிறோம். அங்கே வெட்டும் இல்லை, சூடும் இல்லை. ஒரே இடத்தில் ஒரே செயல் ஓயாமல் நடந்ததால் நிலைத்துவிட்ட அடையாளம், அவ்வளவுதான். பாஸ்பர் பூச்சுக்கு நேர்வதும் அதுவே. இந்தப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் நம் மொழியில் எனக்குத் தெரியவில்லை.

வடு சுருக்கமானது, அழகானது. இருந்தாலும் அதில் பழி, குற்றம் என்ற நிழல் அழுத்தமாக விழுகிறது. தவிர, வினையாக்குவது கடினம். தழும்புக்கு ‘தழும்பேறு’ என்ற வினை தயாராகவே இருக்கிறது: தழும்பேறிய டியூப், இந்தத் திரை தழும்பேறாது, தழும்பேறாமல் தடுக்க. கலைச்சொல்லைப் பெயராக மட்டும் உருவாக்கிவிட்டு வினைக்குத் திண்டாடுவது நமக்குப் பழகிப்போன துன்பம். இந்த ஒரு சொல்லிலாவது அது இல்லை.

பழுதைப் பிரித்தறியவும் இச்சொல் உதவும் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. படம் முழுவதுமே மங்கலாக இருந்தால் அது தழும்பல்ல. பழைய டிவி மெக்கானிக்குகள் ‘டியூப் வீக்’ என்பார்களே, அதாக இருக்கலாம். எலக்ட்ரானை உமிழும் கேத்தோடு தளர்ந்திருக்கும். ரெஜுவனேட்டர் கருவியால் சில நேரம் அதற்கு உயிர் கொடுக்க முடியும். ஓரத்தில் நிறத் திட்டுகள் தெரிந்தால் உள்ளிருக்கும் உலோகத் தகடு காந்தமேறியிருக்க வாய்ப்பு அதிகம். காந்த நீக்கச் சுருளைக் காட்டினால் போய்விடும். படம் சுருங்கினாலோ நெளிந்தாலோ சேசிஸில், அதாவது டியூபை இயக்கும் மின்சுற்றுப் பலகையில், உள்ள கெப்பாசிட்டர்களை மாற்றிப் பார்க்க வேண்டும். திரைத்தழும்புக்கு மட்டும் இவை எதுவும் பலிக்காது. டியூபையே மாற்றுவதுதான் வழி. அதற்கு அளவும் கழுத்துப் பின்களும் பொருந்தும் பழைய டிவி ஒன்று கிடைக்க வேண்டும். அணைத்த பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும் என்பதால், ஆனோடை (டியூபின் உயர் மின்னழுத்த முனையை) முறைப்படி மின்னிறக்கம் செய்யாமல் யாரும் கைவைக்கக் கூடாது. பெயர் தெளிவாக இருந்தால் தேவையில்லாமல் அந்த அபாயத்தில் இறங்க வேண்டியிருக்காது.

மாற்றத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. என்னைக் கேட்டால், அதே விளையாட்டை ஓட்டுவதாக இருந்தால் தழும்பை விட்டுவிடலாம். பேக்-மேன் தழும்பின் மேலேயே பேக்-மேன் சுவர்கள் விழும்போது அது அதிகம் தெரியாது. படத்தின் அகலத்தையும் இடத்தையும் திருகிச் சரிசெய்தால் போதும். 1982-ல் வந்த மிஸ் பேக்-மேனுக்கு மாற்றப்பட்ட பெட்டி என்றால் கதை வேறு. புதிய சுவர்களுக்கு இடையே பழைய சுவர்கள் எட்டிப்பார்க்கும். விளையாடுபவருக்கு அது தொல்லை. ஆனால் புதுப்பிப்பவருக்கு அது சான்று. வண்ணம் மாறியிருக்கலாம், பலகை மாறியிருக்கலாம், நெற்றிப்பலகையும் மாறியிருக்கலாம். டியூப் மட்டும் மாறாமல் இருந்தால், அந்தப் பெட்டியில் முதலில் ஓடியது எது என்று அது சொல்லிவிடும். ஆகவே வாங்கும்போது எழுதும் நிலைக்குறிப்பில் ‘திரைத்தழும்பு: லேசானது, பேக்-மேன்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எல்சிடி திரைகளில் சற்று நேரம் நின்று பிறகு தானாகவே மறையும் நிழலுக்கு இச்சொல் பொருந்தாது. அதற்குப் ‘பிம்பத் தேக்கம்’ என்று வைக்கலாம், தேங்கியது வடிந்துவிடும். ஓஎல்இடி திரையில் நேர்வதோ நிரந்தரத் தேய்மானம். ஒளிரும் பொருள் வேறாக இருந்தாலும் விளைவு ஒன்றே என்பதால் அங்கும் திரைத்தழும்பு என்றே எழுதலாம் என நினைக்கிறேன். இந்த இடத்தில் மாற்றுக் கருத்து இருப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள், பட்டியலை முடிக்குமுன் பேசிவிடலாம்.