8 வயதுப் பையன், ஆட்டிசம்: வாசிக்கிறான், பல் தேய்க்க மட்டும் வரவில்லை

கேள்வி:
பையன் சரளமாக வாசிக்கிறான், கணக்கும் போடுகிறான். பல் தேய்க்கப் போனால் பிரஷ்ஷைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறான். பேஸ்ட் வாயில் பட்டதும் அலறல். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
செல்லத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லைங்க. அலறுவதையும் நிற்பதையும் தனித்தனியாகப் பாருங்கள். அலறக் காரணம் புதினா எரிச்சலா, நுரையா, பிரஷ் குத்துவதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் தெரியும். முதலில் வாசனையில்லாத, நுரைக்காத பேஸ்ட், பட்டாணி அளவு. பிறகு மிருதுவான பிரஷ். சத்தமும் தொந்தரவாக இருக்கலாம், எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்திப் பாருங்கள். அலறல் திடீரென ஆரம்பித்தது என்றால் முதலில் பல் டாக்டரிடம் போங்கள். சொத்தைப்பல் வலியை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம்.

பதில் 2:
நிற்பதற்குக் காரணம் வரிசை பிடிபடாததாக இருக்கலாம். நமக்குப் பல் தேய்ப்பது ஒரே வேலை. அவனுக்கு மூடியைத் திறப்பதில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வேலை. கடைசியிலிருந்து பழக்குங்கள். மற்றதையெல்லாம் நீங்கள் உதவி முடித்துவிட்டு, பிரஷ்ஷைக் கழுவி டம்ளரில் போடுவதை மட்டும் அவனிடம் விடுங்கள். நாலைந்து நாள் தானே செய்தால், அதற்கு முந்தின படி: வாய் கொப்பளிப்பது.

பலரும் சறுக்குவது பேச்சில்தான். "ம், அப்புறம்?" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அந்த "அப்புறம்?" என்பதும் ஒரு படியாகிவிடும், அது காதில் விழும்வரை நிற்பான். வாசிக்கிற பையன் ஆயிற்றே, படிகளை ஒரு அட்டையில் எழுதிக் கண்ணாடி பக்கத்தில் ஒட்டுங்கள். பின்னால் நின்று, பேசாமல், அடுத்த வரியை விரலால் காட்டினால் போதும்.

கேட்டவர்:
பாட்டி வீட்டுக்குப் போனால் பழகினது போய்விடுமா?

பதில் 2:
தடுமாறலாம். அவன் பழகியது அந்தக் குழாயோடும் அந்த டம்ளரோடும் சேர்த்துத்தான். அதே டம்ளர், பேஸ்ட், அட்டையை எடுத்துப் போங்கள்.

பதில் 3:
ஆட்டிசம் உள்ள வளர்ந்தவர்களிடமும் இதைப் பார்க்கலாம். ஆபீஸ் வேலையைச் சுத்தமாக முடிப்பவர், குளிக்க எழ முடியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். சிலருக்குப் பசியும் தாகமும் மிகத் தாமதமாகத்தான் தெரியும். அவர்களுக்குச் சாப்பாட்டு அலாரமும் கண்ணெதிரே தண்ணீர் பாட்டிலும் வேண்டும். ஆபீஸிலும் "சீக்கிரம் முடிங்க" என்பதை விட "வியாழன் 4 மணிக்குள் இந்த 3 பக்கம்" என்று எழுதிக் கொடுப்பது பலன் தரும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் ஆட்டிசமும் உண்டு. பையனுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.