பீகிள்போன் பிளாக்: எக்ஸ்மோடம் 100% முடிந்தும் போர்டு எழவில்லை

கேள்வி:
பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினி போர்டின் ஈஎம்எம்சியில் (போர்டிலேயே பதித்த சேமிப்புச் சிப்) இருந்த பூட்லோடர் (போர்டை எழுப்பும் முதல் நிரல்) கெட்டுவிட்டது. எஸ்டி கார்டு ஸ்லாட்டும் உடைந்திருப்பதால் சீரியல்தான் ஒரே வழி. 3.3 வோல்ட் யூஎஸ்பி-சீரியல் கேபிளை ஜே1 என்ற சீரியல் பின்களில் மாட்டி, மினிகாமை (சீரியல் டெர்மினல் நிரல்) 115200 வேகத்தில் திறந்தால் ‘சிசிசி’ என்று வந்துகொண்டே இருக்கிறது. எக்ஸ்மோடமில் (சீரியல் வழியே ஃபைல் அனுப்பும் முறை) எம்எல்ஓ ஃபைலை (யூ-பூட் என்ற பூட்லோடரின் முதல் பகுதி) அனுப்பினேன், பிழை இல்லாமல் முடிகிறது. பிறகு திரையில் ஒன்றுமே வருவதில்லை. எங்கே தவறு?

பதில் 1:
வயரிங் சரிதான், அதில் கை வைக்காதீர்கள். அனுப்பிய ஃபைல்தான் தவறு. எம்எல்ஓவின் தலையில் அளவும் லோட் முகவரியும் அடங்கிய ஹெடர் இருக்கிறது. கார்டிலிருந்தோ ஈஎம்எம்சியிலிருந்தோ படிக்கும்போது பூட் ரோமுக்கு (சிப்பிலேயே பதிந்த தொடக்க நிரல்) அது தேவை. சீரியலில் வருவதை பூட் ரோம் அப்படியே சிப்பின் உள் நினைவகத்தில் வைத்து, முதல் பைட்டிலிருந்தே ஓடவிடும். அப்போது ஹெடரே கட்டளையாக ஓடி, ப்ராசஸர் தொங்கிவிடும்.

அதே பில்டில் ‘எஸ்பிஎல்’ ஃபோல்டருக்குள் ‘யூ-பூட்-எஸ்பிஎல்.பின்’ இருக்கும். எம்எல்ஓவில் இருக்கும் அதே முதல் பகுதிதான் (எஸ்பிஎல்), ஹெடர் மட்டும் இல்லை; அதை அனுப்புங்கள். அது 109 கேபிக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் உள் நினைவகத்தில் இடமில்லை.

‘சி’ வராமல் போனால் எஸ்2 பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவர் கொடுங்கள். ரீசெட் பட்டன் போதாது, எஸ்2-வின் நிலை பவர் வரும்போது மட்டுமே படிக்கப்படும். பவரை 5 வோல்ட் ஜாக்கில் கொடுங்கள். எஸ்2 அழுத்தினால் பூட்லோடரைத் தேடும் வரிசையில் யூஎஸ்பிக்குப் பிறகுதான் சீரியல் வருகிறது. கணினியின் யூஎஸ்பியில் செருகியிருந்தால் அங்கேயே நின்றுவிடலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இப்போது ‘யூ-பூட் எஸ்பிஎல்’ என்ற வரி வந்தது, ஆனால் அடுத்து மறுபடியும் ‘சிசிசி’. திரும்ப முதலிலிருந்தா?

பதில் 2:
இல்லை, பாதி வேலை முடிந்துவிட்டது. முதல் ‘சி’ பூட் ரோம் கேட்டது, அதற்கு எக்ஸ்மோடம். இந்த ‘சி’ எஸ்பிஎல் கேட்பது, இதற்கு ஒய்மோடம். மினிகாமில் கண்ட்ரோல்-ஏ, எஸ் அழுத்தி ஒய்மோடமைத் தேர்ந்தெடுத்து ‘யூ-பூட்.ஐஎம்ஜி’யை அனுப்புங்கள். முடிந்ததும் கவுண்ட்டவுன் ஓடும்; உடனே ஒரு கீயைத் தட்டி நிறுத்துங்கள். தட்டினாலும் நிற்கவில்லை என்றால் மினிகாம் செட்டிங்கில் ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோலை ‘நோ’ ஆக்குங்கள். மூன்று வயர் கேபிளில் அது இருக்கவே கூடாது.

இதுவரை ஏற்றியதெல்லாம் நினைவகத்தில்தான், பவர் போனால் போய்விடும். ஈஎம்எம்சியில் எழுத, ‘எம்எம்சி டெவ் 1’ கொடுத்து, ‘லோட்ஒய் 82000000’ மூலம் எம்எல்ஓவை ஏற்றுங்கள் (ஆம், இந்த இடத்தில் எம்எல்ஓவேதான், ஹெடர் இங்கே வேண்டும்). பிறகு ‘எம்எம்சி ரைட் 82000000 100 100’ (நினைவக முகவரி, தொடங்கும் செக்டர், செக்டர் எண்ணிக்கை). அதேபோல் யூ-பூட்.ஐஎம்ஜியை ஏற்றி 300-ஆவது செக்டரில் எழுதுங்கள். இங்கே முகவரி, செக்டர், அளவு எண்கள் எல்லாமே ஹெக்ஸ் (16 அடிமான எண்கள்). அளவு 90310 பைட் என்று வந்தால், ஒரு செக்டரின் அளவான 200-ஆல் (512 பைட்) வகுத்து மேல்நோக்கி முழுமையாக்க 482 செக்டர். ஆகவே ‘எம்எம்சி ரைட் 82000000 300 482’.

எழுதுவதற்கு முன் ‘பார்ட் லிஸ்ட் எம்எம்சி 1’ அவசியம் பாருங்கள். பழைய இமேஜ்களில் முதல் பார்ட்டிஷன் 2048-ஆவது செக்டரில், அதாவது ஹெக்ஸ் 800-இல் தொடங்கும். மேலே சொன்ன அளவு 782-இல் முடிகிறது, அதனால் தப்பித்தது. இன்னும் 64 கேபி பெரிதாக இருந்தால் ஃபைல்சிஸ்டத்தின் தலை போயிருக்கும்.

பதில் 3:
எக்ஸ்மோடமில் ஏற்றும் லோட்எக்ஸ் வேண்டாம், ஒய்மோடமில் ஏற்றும் லோட்ஒய்தான் சரி. எக்ஸ்மோடம் ஃபைல் அளவைச் சொல்வதில்லை, கடைசி பிளாக்கை ஹெக்ஸ் 1ஏ போட்டு நிரப்பிவிடும். கணினியில் எடுத்த சிஆர்சி32-உடன் (ஃபைலைச் சரிபார்க்கும் எண்) ஒத்துப்போகாது.

கெர்னலையும் இப்படியே ஏற்றுவதானால் பொறுமை வேண்டும். 115200-இல் நொடிக்கு அதிகபட்சம் 11520 பைட், 10 எம்பிக்குக் கால் மணி நேரம். வேகத்தைக் கூட்டலாம், ஆனால் வழக்கமாக எல்லோரும் போடும் 921600 இந்தச் சிப்பில் ஓடும் யூ-பூட்டில் சரிவராது. சீரியல் கிளாக் 48 மெகாஹெர்ட்ஸ், யூ-பூட் அதை 16-ஆல் வகுப்பதால் 30 லட்சம். அதை 921600-ஆல் வகுத்தால் 3.26; வகுஎண் முழு எண்ணாகவே இருக்க வேண்டும் என்பதால் 3 ஆகி, நிஜ வேகம் 10 லட்சமாகிவிடும். எட்டு சதவீதத்துக்கு மேல் பிழை, வருவதெல்லாம் குப்பை. 460800-க்கும் இதே கதி. 230400-க்கு வகுஎண் 13, பிழை 0.2 சதவீதத்துக்கும் குறைவு. ‘லோட்ஒய் 82000000 230400’ கொடுத்தால், வேகத்தை மாற்றி என்டர் தட்டச் சொல்லும். மினிகாமில் மாற்றிவிட்டு என்டர், ஃபைல் போனதும் 115200-க்குத் திரும்பி எஸ்கேப்.