இரவில் ஐபிஎஸ் (IBS) குடல் தொல்லை: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. என் தங்கைக்கு ஐபிஎஸ் என்னும் குடல் தொந்தரவு. பகலை எப்படியோ ஓட்டிவிடுகிறாள். படுக்கப் போகும்போதுதான் வயிறு உப்பி, முறுக்கிப் பிடித்து, தூக்கமே வருவதில்லை. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி இன்னும் கூடுகிறது. பார்க்கவே மனசு தாங்கவில்லை.

தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, மலத்தில் ரத்தம், எடை குறைவு எதுவும் இல்லை. அவை இருந்தால் ஐபிஎஸ்தானே என்று விட்டுவிடாமல் உடனே வரவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுகிறாள். காபி காலையோடு சரி. வெந்நீர்ப் பை இதமாக இருக்கிறது, ஆறியதும் பழையபடிதான். புதினா எண்ணெய் மாத்திரை வலியைக் குறைத்தாலும் நெஞ்செரிச்சலைக் கிளப்பிவிட்டது.

அடுத்து, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபோட்மேப் (சரியாகச் செரிக்காமல் குடலில் வாயுவை உண்டாக்கும் சில சர்க்கரை வகைகள்) குறைந்த உணவுமுறையை யோசிக்கிறோம். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் போன்றவற்றைச் சில வாரம் நிறுத்திவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். உணவியல் நிபுணர் துணையோடுதான் செய்யப்போகிறோம். இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? இரவில் மாற்றம் தெரிந்ததா? வலி பிடிக்கும்போது எப்படிப் படுத்தால், எப்படி மூச்சு விட்டால் உங்களுக்கு அடங்குகிறது? சின்ன விஷயமானாலும் எழுதுங்கள், ப்ளீஸ்.